நோவில்லாத கட்டியும் நாம் தொலைக்கும் கிழமைகளும்

2011ஆம் ஆண்டு நோன்பு தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், குளிக்கும்போது என் பெரியம்மாவின் கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இடது மார்பில், அக்குளுக்குக் கிட்ட, ஒரு கடலையளவு. அதை அவர் தன் தங்கச்சியான என் உம்மாவிடம் சொன்னது ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமை. இருவருக்கும் ஒரே வளவு. இரண்டு வீட்டுக்கும் இடையில் வேலிகூட இல்லை. நாளுக்குப் பத்துத் தரம் முகம் பார்க்கிறவர்கள். அப்படியிருந்தும் பதினைந்து கிழமை அந்தக் கட்டி ஒரு சொல்லாகக்கூட வெளியில் வரவில்லை.

"ஏன் ராத்தா இவ்வளவு நாளும் சொல்லல்ல?" என்று உம்மா கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "நோவில்லயே புள்ள. நோவிருந்தா சொல்லியிருப்பன்."

அதற்குப் பிறகும் ஐந்து கிழமை வீட்டுக்குள்ளேயே போனது. கண்ணூறு என்று ஒருவர் சொல்ல, தண்ணி ஓதிக் குடித்தார். கட்டிக்கு எண்ணெய் பூசினால் கரையும் என்றார் இன்னொருவர். கட்டாரில் இருந்த மகனுக்குச் சொல்லலாமா விடலாமா என்பதில் ஒரு கிழமை கழிந்தது. மார்கழி நடுப்பகுதியில்தான் வைத்தியசாலைக்குப் போனோம். பயொப்சிக்கு அனுப்பிய மாதிரியின் ரிப்போர்ட் கையில் கிடைக்கப் பத்துக் கிழமை எடுத்தது. சத்திரசிகிச்சைக்கு இன்னும் நான்கு கிழமை. மூன்றாம் கட்டம் என்றார்கள். 2014இல் அவரை ஒலுவில் மையவாடியில் அடக்கினோம்.

கணக்கைப் பல தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். மொத்தம் முப்பத்து நான்கு கிழமை. அதில் இருபது கிழமை எங்கள் வீட்டுக்குள் தொலைந்தது. பதினான்கு கிழமை வீட்டுக்கு வெளியே தொலைந்தது. ஒவ்வொரு ஒக்டோபர் மாதமும் இளஞ்சிவப்பு நாடாவும் ஊர்வலமும் பதாகையும் வரும்போது எனக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வரும். மார்பகப் புற்றுநோயைப் பற்றி எங்கள் கரையோரத்தில் பேசுவதென்றால், அந்த இருபதைப் பற்றியும் பேச வேண்டும், அந்தப் பதினான்கைப் பற்றியும் பேச வேண்டும். ஒன்றைப் பேசி மற்றதை விட்டால் அது அரைப் பேச்சு. அரசை மட்டும் குறை சொல்வது எங்களுக்கு எளிது. பெண்களின் அறியாமையை மட்டும் குறை சொல்வது அதிகாரிகளுக்கு எளிது.

எண்கள் சொல்வது

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். இலங்கையிலும் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் இதுவே முதலிடம். நாளொன்றுக்குச் சுமார் 15 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுவதாக எங்கள் சுகாதார அதிகாரிகள் அண்மைய ஆண்டுகளில் சொல்லிவருகிறார்கள்.

ஆனால் இந்த நோயின் கதையை வேறொரு எண்தான் சரியாகச் சொல்கிறது. நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருப்பவர்கள், வருமானம் கூடிய நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். இந்தியாவில் 66. தென்னாபிரிக்காவில் 40. நோய் ஒன்று, மருந்துகளும் பெரும்பாலும் ஒன்றுதான். வித்தியாசம், எந்தக் கட்டத்தில் நோய் பிடிபட்டது, பிடிபட்ட பிறகு சிகிச்சை எவ்வளவு விரைவாகக் கிடைத்தது, தொடங்கிய சிகிச்சை முழுமையாக முடிந்ததா என்பவற்றில் இருக்கிறது.

இதை வைத்துத்தான் 2023இல் உலக சுகாதார நிறுவனம் நாடுகளுக்கு மூன்று அளவுகோல்களைக் கொடுத்தது. கண்டறியப்படும் நோயாளிகளில் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் முதலாம், இரண்டாம் கட்டங்களிலேயே கண்டறியப்பட வேண்டும். ஒரு பெண் வைத்தியசாலைக்கு வந்து 60 நாட்களுக்குள் நோய் என்ன என்பது உறுதியாக வேண்டும். சிகிச்சை தொடங்கியவர்களில் 80 வீதத்தினர் அதை முடிக்க வேண்டும். இந்த மூன்று அளவுகோல்களையும் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது: வீட்டுக்குள் தொலைகிற காலம்

நோவில்லை என்பதால் நோயில்லை என்று நினைப்பதுதான் முதல் ஏமாற்றம். ஆரம்பத்தில் மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் நோகாது. நோகிற கட்டியை எல்லோரும் காட்டுவார்கள். நோகாத கட்டிதான் மறைந்திருக்கும். இதை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருந்தால் என் பெரியம்மாவின் பதினைந்து கிழமை மீண்டிருக்கும்.

இரண்டாவது பயம் கத்தி. "கத்தி பட்டால் பரவும்" என்று எங்கள் பக்கம் முஸ்லிம் ஊரிலும் சொல்வார்கள், தமிழ் ஊரிலும் சொல்வார்கள். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அதற்கும் ஒரு காரணம் தெரிகிறது. நோய் முற்றிய பிறகு சத்திரசிகிச்சைக்குப் போன பெண்கள் சில மாதங்களில் இறந்துபோனார்கள். ஊர் பார்த்தது அதைத்தான். கத்தி பட்டு இறந்தார் என்று எண்ணியது. பிந்திப் போனதால் இறந்தார் என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆரம்பத்திலேயே போய்ச் சுகமாகி வந்தவர்களோ அதை வெளியில் சொல்வதில்லை. ஆகவே ஊருக்குத் தெரிந்த கதைகள் எல்லாம் மவுத்துக் கதைகளாகவே இருக்கின்றன. பிழைத்தவர்கள் பேசாதவரை இந்த நம்பிக்கை மாறாது.

அவர்கள் ஏன் பேசுவதில்லை? வீட்டில் கலியாண வயதில் மகள் இருப்பாள். "தாய்க்கு அந்த நோய்" என்று தெரிந்தால் மகளுக்குப் பேச்சு வராது என்ற பயம். நோயின் பெயரைக்கூட வாயால் சொல்லாமல் "அந்த நோய்" என்றே சொல்கிறோம். உண்மையில் மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாகக் கடத்தப்படும் மரபணு மாற்றத்தால் வருபவை நூற்றுக்குப் பத்துக்குள்தான். இந்நோய் வந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, பெண் என்பதையும் வயதையும் தவிர வேறெந்த ஆபத்துக் காரணியும் இருப்பதில்லை. பரம்பரையாக வருவதும் தாய்வழியில் மட்டும் வருவதில்லை. வாப்பா வழியிலும் வரும். ஆகவே நோயை மறைப்பதால் மகளுக்கு நன்மை எதுவும் இல்லை. தாயின் நோயை அறியாத மகள், தான் எப்போது பரிசோதிக்க வேண்டும் என்பதையும் அறியாமல் போகிறாள். நாம் மறைப்பது கலியாணத்துக்காக. அதன் விலையை அந்த மகளே பின்னர் கொடுக்கிறாள்.

எங்கள் கரையோரத்துப் பெண்களின் மௌனத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. முப்பது வருட யுத்தத்தில் இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் தங்கள் நோவைக் கடைசியில் வைக்கப் பழகினார்கள். காணாமல்போன மகனைத் தேடுகிற தாய்க்குத் தன் உடம்பு ஒரு விஷயமே இல்லை. கணவனை இழந்து கூலிக்குப் போகிறவளுக்கு ஒரு நாள் வைத்தியசாலை என்பது ஒரு நாள் சம்பளம். 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அத்தனை பெரிய சாவுகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு கடலையளவு கட்டி சின்ன விஷயமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை. "எத்தனையோ பேர் போனாங்க, எனக்கென்ன" என்று பெரியம்மாவும் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அது பொறுமை என்று நினைத்தோம். இன்று யோசித்தால், தன் உயிருக்கு விலையில்லை என்று ஒரு பெண் நம்பிவிட்டதன் அடையாளம் அது.

இரண்டாவது: கிளினிக்குக்குப் போகிற பாதை

இலங்கையில் பெண்களுக்கான இலவசப் பரிசோதனை இல்லை என்று சொல்ல முடியாது. 1996ஆம் ஆண்டிலிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 'வெல் வுமன் கிளினிக்' நடக்கிறது. 35 வயதுப் பெண்களை மையமாக வைத்துத் தொடங்கப்பட்டது. பின்னர் 45 வயதினரும் சேர்க்கப்பட்டார்கள். இரத்த அழுத்தம், சீனி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனை ஆகியவற்றோடு மார்பகத்தையும் கையால் பரிசோதிப்பார்கள். காசு இல்லை. துண்டு தேவையில்லை. ஒலுவில் அடங்கும் அட்டாளைச்சேனைப் பிரதேசத்துப் பெண்களுக்கும் இந்தச் சேவைக்கு உரிமை உண்டு.

அப்படியானால் ஏன் போவதில்லை? எங்கள் ஊர்ப் பெண்கள் கிளினிக்குக்குப் போகாதவர்கள் அல்ல. பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது ஒரு கிளினிக்கையும் தவறவிட மாட்டார்கள். மழையிலும் வெயிலிலும் அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் இருப்பார்கள். மருத்துவமாது வீடு தேடி வருவார். பிள்ளையின் நிறை, தடுப்பூசி எல்லாம் பதிவில் இருக்கும். யுத்த காலத்திலும் இந்தத் தொடர்பு முற்றாக அறுந்ததில்லை. தாய் சேய் நலத்தில் இலங்கை பெயர் பெற்றது இந்த மருத்துவமாதுமாரின் கால்நடையால்தான்.

ஆனால் கடைசிப் பிள்ளை பாடசாலைக்குப் போகத் தொடங்கியதும் அந்த அட்டை அலுமாரிக்குள் போய்விடுகிறது. மருத்துவமாதுக்கும் அந்த வீட்டில் வேலை முடிந்துவிடுகிறது. நாற்பதைத் தாண்டிய பெண் அரசின் கண்ணிலிருந்து மறைகிறாள். மார்பகப் புற்றுநோயோ வயதோடு கூடுகிற நோய். நோய் வரக்கூடிய வயது தொடங்கும்போதுதான் நாங்கள் அவளைத் தேடிப் போவதை நிறுத்துகிறோம். பெண் தாயாக இருக்கிறவரை அவளுக்கு ஒரு முறைமை இருக்கிறது. தாய்மை முடிந்த பிறகு அவள் தானாக வரட்டும் என்று விட்டுவிடுகிறோம். என் பெரியம்மாவுக்கு அப்போது 52 வயது. ஒரு மருத்துவமாது அவருடைய வாசலுக்கு வந்து இருபது வருடமாவது ஆகியிருக்கும்.

அடுத்தது, யாரிடம் காட்டுவது என்ற கேள்வி. ஆண் டொக்டரிடம் மார்பைக் காட்டுவதா என்ற தயக்கம் முஸ்லிம் பெண்களுக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் எங்களிடம் அதற்கு மார்க்கத்தின் பெயரும் சேர்ந்துவிடுகிறது. பெண் வைத்தியர் இருக்கும்போது அவரிடம் போவதும், இல்லாதபோது உயிரைக் காக்கும் அவசியத்துக்காக ஆண் வைத்தியரிடம் காட்டுவதும் ஆகுமானது என்பது உலமாக்கள் அறிந்த சட்டம். நோய்க்கு மருந்து தேடுவது மார்க்கம் வலியுறுத்துகிற காரியம். இதை மிம்பரில் சொல்வதில் என்ன தடை இருக்கிறது? கலியாணத்தைப் பற்றியும் உடுப்பைப் பற்றியும் குத்பா ஓதப்படுகிற பள்ளிகளில், வருடத்துக்கு ஒரு ஜும்ஆ இதற்கு ஒதுக்கினால் போதும். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ஆண்கள். வீட்டுப் பெண் வைத்தியசாலைக்குப் போவதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர்களும் அவர்கள்தான்.

அதே நேரம், தயக்கத்தைக் கண்டிப்பதைவிட அதற்கு இடம் கொடுத்து ஒழுங்கு செய்வது பயன் தரும். இன்ன நாளில் பெண் வைத்தியர் இருப்பார், பெண் தாதி இருப்பார், மறைவான அறை இருக்கும் என்று முன்கூட்டியே அறிவித்தால் வருகிறவர்கள் வருவார்கள்.

மெஷின் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாதா?

பரிசோதனை என்றால் மமோகிராம் என்றே பலர் நினைக்கிறார்கள். மெஷின் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றும் நினைக்கிறார்கள். இதில் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

மமோகிராம் 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மரணங்களைக் குறைப்பதாக வசதியான நாடுகளின் அனுபவம் காட்டுகிறது. ஆனால் அதற்கு மெஷின் மட்டும் போதாது. படத்தை வாசிக்கத் தெரிந்த வைத்தியர்கள், சந்தேகம் வந்தால் உடனே செய்யக்கூடிய பயொப்சி, அதைப் பார்க்கும் ஆய்வுகூடம் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். இலங்கையில் எல்லாப் பெண்களையும் அழைத்து மமோகிராம் எடுக்கும் தேசியத் திட்டம் இல்லை.

கையால் செய்யும் பரிசோதனைக்குப் பயன் உண்டா என்பதை எங்களைப் போன்றவர்கள் வாழ்கிற ஓர் இடத்தில் சோதித்திருக்கிறார்கள். மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. சேரிப்பகுதிகளில் வாழ்ந்த 35 முதல் 64 வயதான ஒன்றரை இலட்சம் பெண்கள் அதில் இருந்தார்கள். ஒரு பாதியினருக்கு இரண்டு வருடத்துக்கொருமுறை மார்பகப் பரிசோதனை நடந்தது. பரிசோதித்தவர்கள் டொக்டர்மார் அல்ல, பயிற்சி பெற்ற ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள். இருபது வருடத்துக்குப் பிறகு, 2021இல் முடிவு வெளியானது. பரிசோதிக்கப்பட்ட பெண்களில் நோய் முந்திய கட்டங்களில் பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்டோரில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்திருந்தது. 50க்குக் கீழ்ப்பட்டவர்களில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை.

சுயபரிசோதனை பற்றியும் ஒளிவில்லாமல் பேச வேண்டும். சீனாவின் ஷங்ஹாயில் புடவை ஆலைகளில் வேலை செய்த 2 இலட்சத்து 66 ஆயிரம் பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. சுயபரிசோதனையைக் கற்றுக்கொடுத்ததால் மட்டும் மரணம் குறையவில்லை. புற்றுநோயல்லாத கட்டிகளுக்கான பயொப்சிதான் கூடியது. இதைக் கேட்டுச் சுயபரிசோதனை வீண் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த ஆய்வில் ஒப்பிடப்பட்ட மற்றப் பெண்களும் கட்டி தெரிந்தால் வைத்தியரிடம் போகக்கூடியவர்களாக இருந்தார்கள். எங்கள் ஊரின் சிக்கல் வேறு. இங்கே கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகும் பதினைந்து கிழமை மௌனம். மாதாமாதம் தடவிப் பார்க்கும் முறையை மனப்பாடம் செய்வதைவிட, தன் மார்பு வழமையாக எப்படி இருக்கும் என்று தெரிந்திருப்பதும், மாற்றம் தெரிந்தால் ஒரு கிழமைக்குள் ஒருவரிடம் காட்டுவதும்தான் எங்களுக்கு முக்கியம்.

இலங்கையின் தேசிய புற்றுநோய் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் அறிவுரை இது: இருபது வயதிலிருந்து மாதத்துக்கொருமுறை சுயமாகப் பார்ப்பது. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் மூன்று வருடத்துக்கொருமுறை பயிற்சி பெற்றவரிடம் காட்டுவது. நாற்பதுக்குப் பிறகு வருடாவருடம் காட்டுவது. நெருங்கிய உறவில் யாருக்காவது இந்நோய் வந்திருந்தால் வைத்தியரிடம் சொல்லி, எப்போது மமோகிராம் எடுப்பது என்று கேட்பது.

பார்க்க வேண்டிய மாற்றங்கள் இவை. மார்பிலோ அக்குளிலோ கட்டி அல்லது தடிப்பு. ஒரு மார்பின் அளவோ வடிவமோ புதிதாக மாறுதல். தோல் தோடம்பழத் தோல்போல் ஆதல், குழி விழுதல், சிவத்தல். முலைக்காம்பு உள்ளிழுத்தல். காம்பில் புண். காம்பிலிருந்து இரத்தமோ நீரோ கசிதல். இவற்றில் ஒன்று இருந்தால் அது புற்றுநோய்தான் என்று அர்த்தமில்லை. மார்பில் வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. அதனால்தான் பயப்படாமல் காட்டச் சொல்கிறோம். பால் கொடுக்கிற தாய்க்கு வருகிற கட்டியை எல்லாம் பால் கட்டி என்று விட்டுவிடவும் கூடாது. ஆண்களுக்கும் இந்நோய் வரும். அது நூற்றில் ஒன்றுக்குள்தான், ஆனால் வரும்.

மூன்றாவது: கண்டுபிடித்த பிறகு

இப்போது அந்தப் பதினான்கு கிழமைக்கு வருகிறேன். ஒரு பெண் தன் வெட்கத்தையும் பயத்தையும் தாண்டி வைத்தியசாலை வாசலுக்கு வந்த பிறகு தாமதம் அவளுடையது அல்ல. 60 நாட்கள் என்ற அளவுகோல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. எங்களுக்கு ரிப்போர்ட் வரவே எழுபது நாட்கள் ஆகின. எந்த வைத்தியசாலை என்று இங்கே எழுதப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. மாதிரி வேறோர் ஊருக்குப் போய் வர வேண்டியிருந்தது. எங்கே நிற்கிறது என்று கேட்டால் சொல்ல ஒருவரும் பொறுப்பாக இருக்கவில்லை.

சிகிச்சை இலவசம். அது இந்த நாட்டின் பெரிய சொத்து. ஆனால் பாதை இலவசமல்ல. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு ஒலுவிலிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீற்றர். மகரகம அபேக்ஷா வைத்தியசாலை முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல். பெரியம்மாவை நாங்கள் மகரகமவுக்குக் கொண்டுபோனது அக்கரைப்பற்றிலிருந்து புறப்படும் இரவு பஸ்ஸில். கீமோ ஏற்றிய உடம்போடு, வாந்திக்குப் பையைப் பிடித்துக்கொண்டு, மலைப்பாதையில் விடிய விடிய வருவது என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மூன்று கிழமைக்கொருமுறை இருவருக்கான பஸ் காசு, தங்குமிடம், சாப்பாடு, கூடப் போகிறவரின் சம்பள இழப்பு. அங்கே வைத்தியர்களும் தாதிமாரும் அன்பாகப் பார்த்தார்கள். ஆனால் சிங்களம் தெரியாத பெரியம்மா தன் நோவை விளக்க ஒவ்வொரு முறையும் என்னைத் தேடினார். சிகிச்சையை இடையில் விட்டுவிடுகிற பெண்களைப் பார்த்து "அக்கறையில்லை" என்கிறவர்கள் ஒருமுறை அந்த பஸ்ஸில் போய் வர வேண்டும்.

2022இல் நாடு வங்குரோத்தானபோது இந்தப் பாதை இன்னும் நீண்டது. எரிபொருள் வரிசைகள், ஓடாத பஸ்கள், மருந்துத் தட்டுப்பாடு. அதைத் தொடர்ந்து வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். பெரிய நகரங்களில் இந்த வெற்றிடம் ஓரளவு நிரப்பப்படும். அம்பாறைக் கரையோரம் போன்ற விளிம்பில் ஒரு நிபுணர் போனால் ஒரு சேவையே நின்றுவிடும்.

இங்கே எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கல்முனையில் இரண்டு பெரிய அரச வைத்தியசாலைகள் இருக்கின்றன. ஒன்று அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை. மற்றது கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை. இரண்டுக்கும் இடையில் நடந்து போகிற தூரம். முஸ்லிம்கள் பெரும்பாலும் ஒன்றுக்கு, தமிழர்கள் பெரும்பாலும் மற்றதுக்கு. இப்படிப் பிரிந்ததற்கு யுத்தமும் படுகொலைகளும் பயமும் காரணம். அந்தக் காயங்களை இந்தக் கட்டுரையால் ஆற்ற முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு நிபுணருக்கும் இரண்டு பக்கமும் தனித்தனியாக அரசிடம் போட்டியிட்டுக் கேட்கும்போது, இரண்டிலும் எல்லாம் அரைகுறையாக நிற்கும் ஆபத்து இருக்கிறது. மார்பகப் பரிசோதனைக்கும் பயொப்சிக்கும் இரண்டு வைத்தியசாலைகளும் சேர்ந்து ஒரே ஒழுங்கை நடத்தினால், பாண்டிருப்புப் பெண்ணுக்கும் சாய்ந்தமருதுப் பெண்ணுக்கும் சேர்த்துக் கிழமைகள் மிச்சமாகும். இரண்டையும் மேற்பார்வை செய்கிற கட்டமைப்புகளும் அரசியல்வாதிகளும் இதைப் பேசத் தொடங்க வேண்டும். கட்டி இனம் பார்த்து வருவதில்லை.

நாங்கள் கேட்க வேண்டியவை

ஒலுவிலுக்கு அரசு கொடுத்த மிகப்பெரிய 'அபிவிருத்தி' துறைமுகம். டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்தார்கள். அதன் வாயை மணல் மூடியது. பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. தென்னந்தோட்டங்கள் கடலுக்குள் போயின. கடல் அரிக்கத் தொடங்கிய முதல் நாட்களிலேயே மீனவர்கள் சொன்னார்கள். சின்ன அரிப்பு என்று விட்டார்கள். பெரிதான பிறகு கல் கொட்டினார்கள். ஆரம்பத்தில் பார்க்காததன் விலை என்ன என்பதை எங்கள் ஊருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரிய கட்டடம் ஒன்றும் நாங்கள் கேட்கவில்லை. நான்கு விஷயங்கள் போதும். முதலாவது, மருத்துவமாதின் பதிவேட்டில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களும் இருக்க வேண்டும். வருடத்துக்கொருமுறை அவர் வாசலுக்கு வந்து "கிளினிக்குக்குப் போனீங்களா?" என்று கேட்டாலே பாதி வேலை முடியும். அதற்கு மருத்துவமாதுமாரின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். இரண்டாவது, பயொப்சி மாதிரி கொடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ரிப்போர்ட் வரும் திகதி சொல்லப்பட வேண்டும். அந்தத் திகதி தவறினால் பதில் சொல்ல ஒரு பெயர் இருக்க வேண்டும். மூன்றாவது, சிகிச்சைக்குத் தூரம் போகிற பெண்ணுக்கும் கூடப் போகிறவருக்கும் பயணச் செலவு. ஸகாத் நிதிகளும் கோயில் பரிபாலன சபைகளும் வெளிநாட்டிலுள்ள எங்கள் உறவுகளும் அரசுக்குக் காத்திராமல் இதைச் செய்யலாம். நான்காவது, கல்முனைப் பிராந்தியத்தில் வருடாவருடம் எத்தனை பெண்களுக்கு இந்நோய் எந்தக் கட்டத்தில் கண்டறியப்பட்டது என்ற கணக்கு மக்களுக்கு முன்னால் வைக்கப்பட வேண்டும். முதலாம், இரண்டாம் கட்டங்களில் பிடிபடுவோரின் வீதம் வருடாவருடம் கூடுகிறதா என்று பார்த்தாலே நாங்கள் முன்னேறுகிறோமா என்பது தெரிந்துவிடும்.

எங்களிடமும் ஒரு பலம் இருக்கிறது. எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு கொடுக்கிறோம். கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். உம்மா, ராத்தா, தங்கச்சி, மகள், பேத்தி என்று பெண்கள் ஒரே வளவில், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்கிறார்கள். உலகில் பல இடங்களில் இல்லாத வசதி இது. கிளினிக்குக்குத் தனியே போக வெட்கப்படுகிறவள் வளவோடு சேர்ந்து போகலாம். ஒருத்தி போய் வந்தால் மற்றவர்களுக்குப் பயம் தெளியும்.

பெரியம்மா போன பிறகு எங்கள் வளவில் அப்படித்தான் நடந்தது. மௌத்து முடிந்து நாற்பது கழிந்ததும் உம்மா எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பெரியம்மாவின் மகளுக்கு ஒரு சின்னக் கட்டி இருந்தது, அது புற்றுநோயல்ல என்று வந்தது. உம்மாவுக்கு இரண்டு வருடம் கழித்து, வருடாந்தப் பரிசோதனையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அவருக்கே தெரியாத கட்டி. நோவும் இல்லை. முதலாம் கட்டம். சத்திரசிகிச்சை நடந்தது, மற்றச் சிகிச்சைகளும் நடந்தன. இன்று அவர் விடிய எழும்பித் தொழுது, கோழிகளைத் திறந்துவிட்டு, பேரப்பிள்ளைகளை ஓதலுக்கு அனுப்புகிறார். யார் கேட்டாலும் தனக்கு என்ன வந்தது என்று பெயரோடு சொல்கிறார். "மறைச்சவ போயிட்டா, சொன்னவ இருக்கன்" என்பார்.

வயித்தில் ஒரே தாயின் பால் குடித்த இரண்டு சகோதரிகள், ஒரே வளவு, ஒரே நோய். இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்தக் கிழமைகள்தான்.

இதை வாசிக்கிற பெண்களில் யாருக்காவது இப்போது ஒரு கட்டி இருந்து, ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தால், இன்று ஒருவருக்குச் சொல்லுங்கள். வாசிக்கிற ஆண்கள், உங்கள் உம்மாவிடம், அம்மாவிடம், மனைவியிடம், ராத்தாவிடம், அக்காவிடம், கடைசியாக எப்போது கிளினிக்குக்குப் போனீர்கள் என்று இன்றிரவு கேளுங்கள். கேட்டுவிட்டு, போகிற நாளில் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.